டொரன்டோவுல முதல் பெரிய ஸ்னோ ஸ்டார்ம்: வேலைக்குப் போனவங்க பத்திரமா வீடு வந்து சேர

ஸ்கார்பரோலயோ பிராம்ப்டன்லயோ ஒரு பேஸ்மென்ட்ல ரூம் எடுத்து, இப்பதான் முதல் விண்டரப் பாக்கப்போறவங்களுக்காக இதை எழுதுறேன். நான் மதுரைப் பக்கம். ஸ்னோவ சினிமால மட்டும் பாத்துட்டு வந்தவன். முதல் பெரிய ஸ்டார்ம் அன்னைக்கு மிசிசாகால ஒரு வேர்ஹவுஸ்ல ஷிப்ட்ல இருந்தேன், மத்தியானம் ஒரு மணிக்கு ஜன்னல் வழியா பாத்தப்ப அழகா இருந்துச்சு, மூணு மணிக்கு எதிர்ல இருந்த பார்க்கிங் லாட்டே தெரியல. "ஷிப்ட் முடிச்சிட்டுப் போ"ன்னாங்க, நானும் அஞ்சு வரைக்கும் இருந்துட்டேன். கிப்ளிங் ஸ்டேஷன் வர்றதுக்கே பஸ்ல ஒண்ணே முக்கால் மணி நேரம். அங்க இருந்து வார்டன் வரைக்கும் சப்வே ஒழுங்கா ஓடுச்சு. வார்டன்ல 102 பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்னு, ஏறி, மார்க்கம் ரோட்ல பாதி வழில சக்கரம் சுத்துது ஆனா பஸ் நகரல, டிரைவர் கதவத் திறந்து விட்டுட்டார். மிச்ச தூரம் நடை. கால்ல ஸ்னீக்கர், கையில காட்டன் கிளவுஸ், ரெண்டும் நனைஞ்சாச்சு.

வழில ஒரு தமிழ்க் கடை, பூட்டுறதுக்கு ரெடியா இருந்தாங்க. கல்லால இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தங்க கதவத் திறந்து, "தம்பி, உள்ளுக்க வாங்கோ, இப்பிடியே நடந்தா விறைச்சுப் போயிடுவியள்"னு கூப்பிட்டு, ஹீட்டர் பக்கத்துல உக்கார வெச்சு பிளேன் டீ குடுத்தாங்க. கை விரல் உணர்ச்சி திரும்பி வர்றப்ப ஊசி குத்துற மாதிரி வலிச்சுது. அப்ப அவங்க கேட்டாங்க, "மத்தியானமே வெளிக்கிட்டிருக்கலாமெல்லே?"

நான் சொல்லப்போறதுல பாதி அந்தக் கேள்விக்குள்ளதான் இருக்கு. ஸ்டார்ம் அன்னைக்கு வீட்டுக்குக் கிளம்புற முடிவ மத்தியானத்துக்குள்ள எடுத்துடணும். மிச்சம் எல்லாம் அந்த முடிவ எடுக்க முடியுற மாதிரி நம்மள தயார் பண்ணிக்கிறதுதான்.

ஏன் மத்தியானம்?

டொரன்டோ சிட்டிக்கு மட்டும் 5,000 கிலோமீட்டருக்கு மேல ரோடு இருக்கு. ஸ்னோ விழ ஆரம்பிச்சா ப்ளோ வண்டிங்க (ஸ்னோவ ஓரமா தள்ளுற வண்டிங்க) முதல்ல ஹைவே, அப்புறம் பெரிய ரோடு, அதுக்கப்புறம்தான் நம்ம தெரு. நம்ம வீட்டுப் பக்கத்து உள் தெருவுக்கு 8 சென்டிமீட்டர் சேந்தாதான் ப்ளோ வரும். பெரிய ஸ்டார்ம்ல ஒரு மணி நேரத்துக்கு 3, 4 சென்டிமீட்டர் விழும், அப்ப ஒரு தடவ தள்ளிட்டுப் போன ரோட்டுக்கு அதே வண்டி திரும்பி வர்றதுக்குள்ள மறுபடி மூடிடும். அது கூட சமாளிச்சுடலாம், ஆனா நாலு மணிக்கு மேல எல்லாரும் ஒரே நேரத்துல ரோட்டுக்கு வந்துடுறாங்க, ப்ளோ வண்டியும் அதே டிராஃபிக்ல மாட்டிக்கும், ரோட்டச் சுத்தம் பண்ண வேண்டிய வண்டியே நகர முடியலன்னா அப்புறம் எதுவும் நகராது.

2022 ஜனவரி 17 திங்கக்கிழமை இப்படித்தான் ஆச்சு. விடியக்காலைல ஆரம்பிச்சு ஒரே நாள்ல ஒரு அடிக்கு மேல கொட்டுச்சு. டான் வேலி பார்க்வே, கார்டினர்னு சிட்டிக்குள்ள போற ரெண்டு எக்ஸ்பிரஸ்வேயையும் மூடினாங்க, 401 ஹைவேல வண்டிங்க மணிக்கணக்கா நின்னுச்சு, நூத்துக்கணக்கான டிடிசி (டொரன்டோல பஸ், சப்வே ஓட்டுற நிறுவனம்) பஸ் அங்கங்க புதைஞ்சு நின்னுச்சு. கிளம்பாம வீட்டுல இருந்தவங்களுக்கு அது வெறும் ஸ்னோ நாள். கிளம்பினவங்களுக்கு வேற கதை. 2025 பிப்ரவரில ஒரே வாரத்துல ரெண்டு ஸ்டார்ம், 12-ஆம் தேதி ஒண்ணு, 15-ஆம் தேதி ஒண்ணு, அதுல சேந்த குவியல அள்ள வாரக்கணக்கா ஆச்சு, நடைபாதையே இல்லாம ரோட்டு ஓரத்துல நடந்தோம்.

ரெண்டு நாள் முன்னாடி: எச்சரிக்கையப் படிக்கிறது

போன்ல இருக்குற சாதாரண வெதர் ஆப்ல ஒரு ஸ்னோ படம் போட்டு -6னு காட்டும், அத நம்பி முடிவெடுக்காதீங்க. என்விரான்மென்ட் கனடாவோட (கனடா அரசாங்கத்தோட வானிலைத் துறை) வெதர்கேன் ஆப்ப இறக்கிக்கோங்க, இலவசம்தான், வீடு இருக்குற இடம் வேலை இருக்குற இடம் ரெண்டையும் அதுல போட்டு வைங்க, ஏன்னா பர்லிங்டன்ல 25 சென்டிமீட்டர் விழுறப்ப மார்க்கம்ல 10 மட்டும் விழும், அல்லது அப்படியே தலைகீழா. 2025 நவம்பர் கடைசில இருந்து எச்சரிக்கை எல்லாம் நிறத்துல வருது: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மஞ்சள் அடிக்கடி வரும். ஆரஞ்சு வந்தா அன்னைக்கு ப்ளானையே மாத்தணும், சிவப்பு அபூர்வம், வந்தா வெளியவே போகாதீங்க.

நிறத்தோட நிறுத்தாம அந்த அறிவிப்பத் திறந்து நாலு விஷயம் தேடுங்க. எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது, எத்தனை மணிக்கு உச்சம், காத்து எவ்வளவு, வெப்பநிலை எவ்வளவு. இதுல நேரம்தான் ரொம்ப முக்கியம். ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிக்கிற 20 சென்டிமீட்டர விட மத்தியானம் 2 மணிக்கு ஆரம்பிக்கிற 12 சென்டிமீட்டர்தான் நம்மள அதிகம் மாட்டி விடும், ராத்திரி வந்தா காலைல எந்திரிச்சு பாத்து லீவ் சொல்லிடலாம், மத்தியானம் வந்தா நம்ம ஏற்கனவே வெளிய இருப்போம். காத்து மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல, 400 மீட்டருக்கு அப்பால எதுவும் தெரியல, அதுவும் நாலு மணி நேரத்துக்கு மேல நீடிக்கும்னா அதத்தான் ப்ளிசார்ட்னு சொல்றாங்க. புது ஸ்னோவே விழலன்னாலும் கீழ கிடக்குறத காத்து அள்ளி வீசி கண்ண மறைச்சிடும்.

ஃப்ரீசிங் ரெயின்னு ஒரு வார்த்தை வந்தா ஸ்னோவ விட அதுக்குத்தான் பயப்படணும். மழை மாதிரி விழுந்து பட்ட இடத்துல கண்ணாடியா உறையும், நடக்க முடியாது, ஓட்ட முடியாது, மரக்கிளை ஒடிஞ்சு கரன்ட் கம்பி மேல விழும்.

கரன்ட் போனா என்ன பண்றது?

2013 டிசம்பர்ல வந்த ஐஸ் ஸ்டார்ம்ல டொரன்டோல சுமார் 3 லட்சம் இணைப்புக்கு கரன்ட் போச்சு, கிறிஸ்மஸ் தாண்டியும் சில வீட்டுக்கு வரல. கரன்ட் போனா வீட்டச் சூடாக்குற ஃபர்னஸ் நிக்கும், கேஸ்ல ஓடுற ஃபர்னஸா இருந்தாலும் அதோட காத்தாடி கரன்ட்லதான் ஓடுது. இங்க நிறைய வாடகை வீட்டுல அடுப்பும் கரன்ட்தான், சோறு வைக்க முடியாது.

அதனால மூணு நாளுக்கு சமைக்காம சாப்பிடுற மாதிரி ஏதாவது எப்பவும் இருக்கட்டும், அரசாங்கம் சொல்றதும் 72 மணி நேரக் கணக்குதான். அவல் வாங்கி வைங்க, தண்ணில நனைச்சு தயிரோ வெல்லமோ போட்டா ஒரு வேளை முடிஞ்சுது. பிரெட், பீனட் பட்டர், வாழைப்பழம், கடலை, குழந்தை இருந்தா பால் பவுடர், டயப்பர். தினமும் மாத்திரை போடுறவங்க ஒரு வாரத்துக்கு ஸ்டாக் இருக்கான்னு முதல்ல பாருங்க, ஸ்டார்ம் அன்னைக்கு மருந்துக் கடையும் சீக்கிரம் மூடிடும். டார்ச், பவர் பேங்க், கனமான போர்வை. கடைக்கு முந்தின நாள் சாயங்காலம் போகாதீங்க, எல்லாரும் அப்பதான் வருவாங்க, ரெண்டு நாள் முன்னாடி போனா நிம்மதியா வாங்கலாம்.

இத ஒவ்வொருத்தர்கிட்டயும் கையப் பிடிச்சு சொல்லணும்னு தோணுது: குளிருதுன்னு கரி அடுப்பு, பார்பெக்யூ, கேம்ப்பிங் ஸ்டவ், ஜெனரேட்டர் எதையும் வீட்டுக்குள்ளயோ கராஜ்லயோ பத்த வைக்காதீங்க. கதவ லேசா திறந்து வெச்சா போதும்னு நினைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தலைவலி வரும், தூக்கம் வரும், அப்படியே உயிர் போயிடும். அந்த 2013 ஐஸ் ஸ்டார்ம்ல கரி கொண்டாந்து உள்ள பத்த வெச்சு ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்க இருக்கு. நீங்க தூங்குற இடத்துக்குப் பக்கத்துல கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கா, பட்டனை அமுக்கினா கத்துதா, இன்னைக்கே பாருங்க. இல்லன்னா வீட்டு ஓனர்கிட்ட கேளுங்க, வெக்கப்படாதீங்க.

உடம்புல என்ன போடுறது

ஊர்ல இருந்து வர்றப்ப தி நகர்லயோ பாண்டி பஜார்லயோ வாங்குன ஸ்வெட்டர், ஜெர்கின் இங்க அக்டோபர் வரைக்கும்தான். ஒரே ஒரு தடிமனான ஜாக்கெட்ட நம்பாம மூணு அடுக்காப் போடுங்க. உடம்ப ஒட்டி தெர்மல், அது காட்டனா இருக்கக் கூடாது, காட்டன் வேர்வைய உறிஞ்சு ஈரமாவே இருக்கும், ஈரம் இருந்தா சூடு போயிடும். அதுக்கு மேல ஃப்ளீஸ் இல்லன்னா கம்பளி. அதுக்கு மேல காத்தும் தண்ணியும் புகாத ஜாக்கெட், பின்பக்கத்தையும் தொடையையும் மூடுற நீளம், தலைக்கு ஹூட். ஜீன்ஸ் போட்டுட்டு ஸ்டார்ம்ல நடக்காதீங்க, முழங்காலுக்குக் கீழ நனைஞ்சு அட்டை மாதிரி ஆகிடும். ஜீன்ஸ்தான் வேணும்னா மேல ஒரு ஸ்னோ பேன்ட் போட்டுக்கோங்க, வேலைக்குப் போய் கழட்டிடலாம்.

காசு செலவழிக்கணும்னா முதல்ல பூட்ஸுக்கு செலவழிங்க. ஜாக்கெட் வேல்யூ வில்லேஜ்ல செகண்ட் ஹேண்ட் கூட நல்லதா கிடைக்கும், பூட்ஸ் மட்டும் புதுசா, தண்ணி புகாததா, அடியில ரப்பர் மெத்துன்னு பள்ளம் பள்ளமா இருக்கறதா பாத்து வாங்குங்க. அரை சைஸ் பெருசா எடுங்க, உள்ள கம்பளி சாக்ஸ் போட்டு விரல் அசையணும், இறுக்கமா இருந்தா ரத்தம் ஓடாம இன்னும் சீக்கிரம் குளிரும். கைக்கு விரல் விரலா இருக்குற கிளவுஸ விட நாலு விரலும் ஒண்ணா இருக்குற மிட்டன் நல்லது, விரலுங்க ஒண்ணுக்கொண்ணு சூடு குடுத்துக்கும். தலைக்கு டூக் (கம்பளிக் குல்லாய இங்க அப்படித்தான் சொல்றாங்க), கழுத்துக்கு நெக் வார்மர். பையில ஒரு ஜோடி சாக்ஸும் ஒரு ஜோடி கிளவுஸும் பிளாஸ்டிக் கவர்ல எப்பவும் இருக்கட்டும், நனைஞ்சதும் மாத்திக்கலாம். அன்னைக்கு எனக்கு அது ஒண்ணு இருந்திருந்தாலே போதும்.

விண்ட் சில்னு ஒரு நம்பர் சொல்லுவாங்க, காத்தோட சேந்து தோலுக்கு எவ்வளவு குளிரா தெரியும்ங்கிற கணக்கு. அது -28க்குக் கீழ போனா மூடாத தோல் 10ல இருந்து 30 நிமிஷத்துக்குள்ள ஃப்ராஸ்ட்பைட் ஆகலாம். காது, மூக்கு நுனி, கன்னம், விரல். நம்ம நிறத்துத் தோல்ல சிவக்கிறது சட்டுனு தெரியாது, அதனால நிறத்த நம்பாம மரத்துப் போச்சான்னு கவனிங்க. சாம்பல் மாதிரி வெளிறி, தொட்டா மெழுகு மாதிரி இருந்தா உடனே உள்ள போங்க. தேய்க்காதீங்க, சுடு தண்ணில வைக்காதீங்க, வெதுவெதுப்பான தண்ணி போதும். கூட வர்றவருக்கு பேச்சு குழறுதுன்னாலோ தள்ளாடுறாருன்னாலோ அது களைப்பு கிடையாது, உடம்புச் சூடு இறங்குது, 911 கூப்பிடுங்க.

அன்னைக்குக் காலைல, அப்புறம் 11 மணிக்கு

காலைல போன், பவர் பேங்க் ரெண்டும் ஃபுல் சார்ஜ். குளிர்ல பேட்டரி வேகமா இறங்கும், 40 சதவீதம் காட்டுறது திடீர்னு அணைஞ்சிடும், அதனால ஜாக்கெட்டோட வெளிப் பாக்கெட்ல வைக்காம உள் பாக்கெட்ல உடம்புச் சூட்டுல வைங்க. வேலைக்கு சாப்பாடு ஒரு வேளை அதிகமா கட்டிக்கோங்க. பிரஸ்டோ கார்டுல (பஸ், டிரெயினுக்குத் தட்டுற கார்டு) காசு இருக்கான்னு பாருங்க. குழந்தை ஸ்கூலுக்குப் போகுதுன்னா, இங்க ஸ்கூல் திறந்திருக்கும் ஆனா ஸ்கூல் பஸ் கேன்சல்னு காலைல அறிவிப்பாங்க, சாயங்காலம் யார் கூட்டிட்டு வர்றதுன்னு அப்பவே பேசி வைங்க, பக்கத்து வீட்டு நம்பர் ஒண்ணு வாங்கி வெச்சுக்கறது ரொம்ப நல்லது.

அப்புறம் இன்னொரு வீடு. சப்வே ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரத்துல இருக்குற ஒரு ஃப்ரெண்டு கிட்ட விண்டர் ஆரம்பத்துலயே கேட்டு வைங்க, "ஸ்டார்ம்ல மாட்டிக்கிட்டா ஒரு ராத்திரி வந்து படுத்துக்கலாமா மச்சி"ன்னு. யாரும் முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா அந்த ராத்திரி எட்டு மணிக்கு முதல் தடவையா கேக்கறதுக்கு நமக்குத்தான் தயக்கமா இருக்கும், அந்தத் தயக்கத்துலதான் எத்தனையோ பேர் நடக்கக் கூடாத தூரத்த நடக்குறாங்க.

11 மணிக்கு வெதர்கேன மறுபடி பாருங்க. உச்ச நேரம் நீங்க வீட்டுக்குத் திரும்புற நேரத்துல வருதுன்னா 12 மணிக்குள்ள சூப்பர்வைசர்கிட்ட பேசுங்க. புதுசா வந்தவங்களுக்கு இது கஷ்டம்னு எனக்குத் தெரியும், ப்ரொபேஷன்ல இருக்கேன், மணிக்கணக்கு சம்பளம், மூணு மணி நேரம் போனா காசு போச்சு. உண்மைதான். ஆனா கேட்டா பல இடத்துல விடுறாங்க, இங்கயே பொறந்து வளந்தவங்க யாரும் ஸ்டார்ம் அன்னைக்கு சீக்கிரம் கிளம்புறதப் பத்தி ரெண்டாவது தடவ யோசிக்கிறது இல்ல. வாயால சொன்னதோட ஒரு மெசேஜும் அனுப்புங்க, ரொம்ப சிம்பிளா: எங்க ஏரியாவுக்கு ஸ்டார்ம் வார்னிங் இருக்கு, நான் ரெண்டு பஸ் மாறிப் போகணும், ரெண்டு மணிக்குக் கிளம்ப அனுமதி வேணும், விட்ட நேரத்த இன்னொரு நாள் செஞ்சு குடுக்குறேன். அவ்வளவுதான்.

விட மாட்டேன்னுட்டா, அவசரப்பட்டு அஞ்சு மணிக் கூட்டத்தோட வெளிய போகாதீங்க. சில நேரம் ஏழு, எட்டு மணி வரைக்கும் வேலை செய்ற இடத்துலயே சூடா உக்காந்துட்டு ரோடு காலியானப்புறம் கிளம்புறது சீக்கிரம் வீடு சேக்கும். டவுன்டவுன்ல வேலைன்னா பாத்-னு ஒரு நிலத்தடி நடைபாதை இருக்கு, கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், யூனியன் ஸ்டேஷன் வரைக்கும் வெளிய தலை காட்டாமலே போயிடலாம்.

பஸ்லயும் டிரெயின்லயும் வர்றவங்க

கணக்கு இதுதான்: பூமிக்கடியில ஓடுறது ஓடும், மேல ஓடுறது சந்தேகம், மேட்டுல ஏறுற பஸ் முதல்ல நிக்கும். சப்வேல லைன் 1, லைன் 2 ரெண்டுலயும் சில இடம் திறந்த வெளில போகுது, வார்டன் பக்கம், டேவிஸ்வில் பக்கம் எல்லாம், அங்க மெதுவாகும். ஸ்கார்பரோல முன்னாடி ஓடுன லைன் 3, 2023 ஜூலைல தடம் புரண்டதோட மூடிட்டாங்க, கென்னடிக்கு அப்புறம் இப்ப பஸ்தான், அதனால கென்னடில ஸ்டார்ம் அன்னைக்கு கூட்டம் பயங்கரமா இருக்கும். மேட்டுல இருக்குற சில ஸ்டாப்ப ஐஸ் நாள்ல டிடிசி மூடி வெச்சிடும், அந்த லிஸ்ட அவங்க இணையதளத்துல போடுவாங்க, உங்க ஸ்டாப் அதுல இருக்கான்னு முன்னாடியே தெரிஞ்சு வைங்க. கோ டிரெயின் கால அட்டவணையையும் அன்னைக்கு மாத்துவாங்க.

பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிக்கலாம்னு உங்களுக்கு நீங்களே ஒரு வரம்பு வெச்சுக்கோங்க. கூரை இல்லாத ஸ்டாப்ல 20 நிமிஷம், அதுக்கு மேல பஸ் வரலன்னா காபிக் கடையோ மாலோ லைப்ரரியோ எங்கயாவது உள்ள போயிடுங்க, சூடாகிட்டு திரும்ப வாங்க. ஸ்டேஷனுக்குள்ள நிக்க இடம் இருந்தா அங்கயே நில்லுங்க, அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்து பாக்கலாம்னு போகாதீங்க. உபரை நம்பி இருக்காதீங்க, அன்னைக்கு விலை பல மடங்கு, வந்தாலும் அதே ரோட்லதான் மாட்டும்.

நடந்தே ஆகணும்னா, மழைக்கப்புறம் வயல் வரப்புல எப்படி நடப்போமோ அப்படி. சின்னச் சின்ன அடி, பாதம் முழுசாப் பதியணும், முட்டி லேசா மடங்கி, கை ரெண்டும் பாக்கெட்டுக்கு வெளிய. கண்ணுக்கு ஈரத் தார் ரோடு மாதிரி தெரியுற கறுப்புத் திட்டுதான் ப்ளாக் ஐஸ், வெள்ளை ஸ்னோவ விட அதுதான் ஆளத் தள்ளும். ரோட்டு ஓரத்துல ஸ்லஷ் (பாதி உருகின ஸ்னோ) தேங்கி நிக்கிற இடம் தரை மாதிரி தெரியும், கால வெச்சா கணுக்கால் வரைக்கும் ஐஸ் தண்ணி. கிராஸ் பண்றப்ப சிக்னல் நமக்கு விழுந்தாலும் வண்டி நின்னுடுச்சான்னு பாத்துட்டு இறங்குங்க, டிரைவர் பிரேக் போட்டிருப்பார், வண்டி நிக்காது. கறுப்பு ஜாக்கெட்ல நம்ம யாருக்கும் தெரிய மாட்டோம், போன் டார்ச்ச அடிச்சுக்கிட்டு நடங்க.

கார் வெச்சிருக்கவங்க

விண்டர் டயர் கியூபெக்ல டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும் கட்டாயம், ஒன்டாரியோல கட்டாயம் இல்ல, ஆனா போடுங்க. ஆல் சீசன் டயரோட ரப்பர் 7 டிகிரிக்குக் கீழ போனாலே இறுகிடும், ரோட்டப் பிடிக்காது. மூணு சிகரம் உள்ள மலையும் நடுவுல ஒரு பனிப்பூவும் டயர் பக்கத்துல பொறிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க. இன்சூரன்ஸ்ல அதுக்குத் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்கிக்கோங்க.

டிக்கில வைக்க வேண்டியது: மடக்கு ஷவல், ஸ்னோ பிரஷ், ஒரு பை மணல் இல்லன்னா பூனை கழிக்கிறதுக்குப் போடுற மண் (கேட் லிட்டர்), ஜம்பர் கேபிள், போர்வை, டார்ச், கடலை மிட்டாய், தண்ணி, -40 வரைக்கும் உறையாத வாஷர் ஃப்ளூயிட். பெட்ரோல் எப்பவும் பாதி டேங்குக்குக் கீழ இறங்க விடாதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி கண்ணாடில ஒரு ஓட்டை மட்டும் சுரண்டிட்டுப் போகாம கூரை, லைட், பின் கண்ணாடி எல்லாத்தையும் சுத்தம் பண்ணுங்க, கூரைல கிடக்குறது பிரேக் போட்டதும் முன் கண்ணாடில வந்து விழும். ஹெட்லைட்ட நீங்களே ஆன் பண்ணுங்க, பகல்ல தானா எரியுற லைட்ல பல வண்டிக்கு பின்னாடி சிவப்பு லைட் எரியாது, ஸ்னோல பின்னாடி வர்றவனுக்கு நீங்க இருக்குறதே தெரியாது. ஒன்டாரியோ 511-ல (மாகாண அரசாங்கத்தோட ரோடு தகவல் சேவை) ரோடு நிலைமைய முன்னாடியே பாத்துட்டுக் கிளம்புங்க.

ஓட்டுறப்ப எல்லாமே மெதுவா. மெதுவா ஆக்ஸிலரேட்டர், மெதுவா பிரேக், மெதுவா ஸ்டியரிங். முன் வண்டிக்கு எட்டு பத்து செகண்ட் இடைவெளி. க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். பாலம் மேல ரோட்ட விட முன்னாடியே ஐஸ் பிடிக்கும், கீழயும் காத்து மேலயும் காத்து. உப்பு போட்டிருக்காங்கன்னு நம்பாதீங்க, -15 பக்கம் போயிட்டா சாதாரண உப்பு சரியா வேலை செய்யாது. 401-ல நீல லைட் மின்ன நாலஞ்சு ப்ளோ வண்டி படிக்கட்டு மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா சாஞ்சு போகும், அத முந்தணும்னு தோணும், முந்தாதீங்க, அவங்களுக்குப் பின்னாடி இருக்குறதுதான் அன்னைக்கு நல்ல ரோடு, முன்னாடி ஒண்ணும் கிடையாது. முதல் விண்டரா இருந்தா ஸ்டார்ம்ல ஓட்டுறத தவிர்த்துட்டு, அடுத்த நாள் காலியா இருக்குற பார்க்கிங் லாட்ல போய் பிரேக் போட்டா வண்டி எப்படி வழுக்குதுன்னு பழகிப் பாருங்க.

வண்டி ஸ்னோல மாட்டிக்கிட்டா

2022 டிசம்பர்ல, லேக் ஒன்டாரியோவுக்கு அந்தப் பக்கம் இருக்குற பஃபலோல வந்த ப்ளிசார்ட்ல 40 பேருக்கு மேல இறந்தாங்க, அதுல வண்டிக்குள்ள மாட்டி இறந்தவங்களும் உண்டு, வண்டிய விட்டு இறங்கி நடந்து இறந்தவங்களும் உண்டு. அதனால இந்தப் பகுதிய ரெண்டு தடவ படிங்க.

வண்டிய விட்டுப் போகாதீங்க. வெளிச்சம் எதுவோ தூரத்துல தெரியுதுன்னு இறங்கினா நாலு அடில திசை தெரியாமப் போயிடும். 911க்கு சொல்லுங்க, இருக்குற இடத்த நீங்க கடந்து வந்த எக்ஸிட் பேர வெச்சு சொல்லுங்க. அப்புறம் வேற எதுவும் செய்றதுக்கு முன்னாடி இறங்கி பின்னாடி போய் சைலன்சர் குழாயச் சுத்தி ஸ்னோவ அள்ளுங்க. அது அடைச்சிருக்குறப்ப எஞ்சின் ஓடுனா புகை வண்டிக்குள்ள வந்து மயக்கம் வந்துடும், நான் மேல சொன்ன அதே கார்பன் மோனாக்சைடு. குழாய் சுத்தமாகிடுச்சுன்னா ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிஷம் மட்டும் எஞ்சின ஓட்டி ஹீட்டர் போடுங்க, அந்த நேரம் காத்து அடிக்காத பக்கத்து ஜன்னல கொஞ்சமா இறக்கி வைங்க. ஒவ்வொரு தடவையும் ஓட்டுறதுக்கு முன்னாடி குழாய திரும்பப் பாக்கணும், அரை மணில மூடிடும். கை கால ஆட்டிக்கிட்டே இருங்க, எல்லாரும் ஒரே நேரத்துல தூங்காதீங்க, உள் லைட்ட எஞ்சின் ஓடுறப்ப மட்டும் போடுங்க.

சின்னதா சிக்கியிருந்தா, வீட்டுத் தெருவுலயே, அப்ப ஆக்ஸிலரேட்டர மிதிச்சு சக்கரத்த சுத்த விடாதீங்க, அடியில உருகி ஐஸாகி இன்னும் ஆழமாப் போகும். டயர் முன்னாடி பின்னாடி தோண்டி, மணல் போட்டு, மெதுவா முன்ன கொஞ்சம் பின்ன கொஞ்சம். யாராவது கண்டிப்பா வந்து தள்ளுவாங்க. இந்த ஊர்ல அது ஒரு நல்ல வழக்கம், நீங்களும் யாராவது சிக்கியிருந்தா போய் தள்ளுங்க.

பேஸ்மென்ட்ல இருக்கவங்களுக்கு

வீட்டுக்கு வந்ததும் நேரா படுக்கப் போகாம வீட்டுப் பக்கச் சுவர ஒரு சுத்து பாருங்க. அங்க வெள்ளைக் கலர்ல ஒண்ணு ரெண்டு பிளாஸ்டிக் குழாய் நீட்டிட்டு இருக்கும், தரைக்கு ஒண்ணு ரெண்டு அடி மேல, அதுதான் ஃபர்னஸ் மூச்சு விடுற குழாய். காத்துல ஸ்னோ சேந்து அத மூடிட்டா ஃபர்னஸ் நின்னுடும், சில நேரம் புகையும் உள்ள திரும்பும். கையாலயே தள்ளி விட்டுடலாம். அதே மாதிரி உங்க ரூம் ஜன்னல் வெளில ஒரு குழில இருக்கும், அதுல நிரம்பியிருக்குற ஸ்னோவையும் அள்ளுங்க, தீப்பிடிச்சா நீங்க வெளிய வர்ற வழி அது. பக்கவாட்டுப் படிக்கட்டுல ஸ்னோ இறுகுறதுக்கு முன்னாடி தள்ளிடுங்க.

யார் அள்ளணும்னு ஒரு சண்டை எல்லா வீட்டுலயும் வரும். ஒன்டாரியோ வாடகைச் சட்டப்படி பொது வழி, வாசப்படில ஸ்னோ அள்ளி வைக்கிற பொறுப்பு வீட்டு ஓனரோடது, லீஸ்ல நீங்க அள்ளணும்னு ஒரு வரி எழுதிட்டா மட்டும் அது உங்களுக்கு மாறிடாதுன்னு 2009-ல இங்க அப்பீல் கோர்ட் சொல்லியிருக்கு. அது வேற, அன்னைக்கு ராத்திரி நம்ம வழிய நம்மளே ஒரு ஓரமா தள்ளிக்கிறது வேற, வழுக்கி விழுந்தா இடுப்பு நம்மளோடது. அள்ளுறப்ப 10 சென்டிமீட்டர் சேரச் சேர தள்ளிடுங்க, மொத்தமா 30 ஆன பிறகு தூக்க முடியாது. தூக்குறத விட தள்ளுங்க, தூக்கினா முட்டிய மடக்கித் தூக்குங்க, முதுகத் திருப்பி வீசாதீங்க. ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருந்தா அவங்க கையில ஷவலக் குடுக்காதீங்க, பிரஷர், சுகர், நெஞ்சு வலி இருக்கவங்களுக்கு இந்த வேலை நிஜமாவே ஆபத்து. காலைல ப்ளோ வந்து ரோட்டு ஸ்னோவ எல்லாம் டிரைவ்வே வாசல்ல ஒரு மதில் மாதிரி தள்ளி வெச்சுட்டுப் போகும், அது கல்லு மாதிரி கனக்கும், அவசரம் இல்லன்னா கொஞ்சம் கொஞ்சமா எடுங்க, எடுத்தத திரும்ப ரோட்ல கொட்டாதீங்க, அதுக்கு அபராதம் உண்டு.

நனைஞ்ச பூட்ஸ ஹீட்டர் மேல வைக்காதீங்க, பசை விட்டுப் போகும், உள்ள நியூஸ்பேப்பர் சுருட்டி வைங்க, காலைக்குள்ள காஞ்சிடும். விண்டர்ல ஊருக்கும் நமக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம், இங்க ராத்திரி எட்டு மணின்னா அங்க அடுத்த நாள் காலை ஆறரை, அம்மா எந்திரிச்சு வாசல் தெளிச்சிருப்பாங்க, நியூஸ்ல கனடா ஸ்னோன்னு ஏதாவது பாத்திருந்தா போனையே பாத்துட்டு இருப்பாங்க. வந்து சேந்துட்டேன்னு ஒரு கால் போடுங்க.